சில்வண்டுகள் செத்துப்போன வருஷம்

என் கணவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று எட்டு மாதம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். காலையில் அவர் சட்டைப் பித்தானைச் சரியான துளையில் போடுகிறாரா, மோட்டார் சைக்கிள் சாவியை வைத்த இடத்திலிருந்து எடுக்கிறாரா, ரந்தாவ் சந்திப்பில் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பின்னால் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு வாய் ஓயாது என்று ஊருக்கே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, கண்ணை வேலை வாங்கினேன்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், நான் அவருடைய அரிவாளுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவள். அவர் தலை சரியாக இருந்தால்தான் என் தலை தப்பும்.

நாங்கள் இருவரும் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுகிறோம். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை உடைத்து, செண்டாயான் பக்கம் கட்டியதுபோல அங்கேயும் வரிசையாக வீடுகளைக் கட்டிவிட்டார்கள். எங்களோடு இருந்தவர்கள் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போய்விட்டார்கள். பெரிய தோட்டங்களில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான் வெட்டுகிறார்கள். எங்களுக்கு வேறு வேலை கைக்கு வரவில்லை. ரந்தாவுக்கு வெளியே ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பதினெட்டு ஏக்கரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக் கொடுக்கிறோம். அது முடிந்தால் அதே சாலையில் இன்னும் இரண்டு சின்னத் தோட்டங்கள் இருக்கின்றன.

வேலை இப்படி. அவரிடம் நீளமான அலுமினியக் கம்பு, அதன் நுனியில் வளைந்த அரிவாள். குலையைத் தாங்கிக்கொண்டிருக்கும் மட்டையை முதலில் வெட்டுவார். மட்டை விழும். நான் உள்ளே போய் அதை இழுத்து வரிசைக்கு நடுவில் போடுவேன். நான் வெளியே வந்ததும் குலையின் காம்பில் அரிவாளைக் கொக்கிபோல் மாட்டி ஒரே இழுப்பு இழுப்பார். குலை தொப்பென்று விழும். இருபது கிலோவுக்குக் குறையாது, சுற்றிலும் முள் வேறு. பிறகு நான் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட, அவர் அடுத்த மரத்துக்குப் போவார். மட்டையை இழுக்கும்போது என் முதுகு மரத்தைப் பார்த்து இருக்கும். மேலே என்ன நடக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

இருபத்தாறு வருஷம் அப்படித்தான் செய்தோம், ஒரு வார்த்தை பேசாமல். "இழுக்கிறேன்" என்று அவர் சொன்னதில்லை. "வந்துட்டேன்" என்று நான் சொன்னதில்லை. அவர் இழுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். கால் தானாக வெளியே வந்துவிடும். பழைய தோட்டத்தில் மற்ற ஜோடிகள் கத்திக்கொண்டே வேலை செய்வார்கள். எங்களைப் பார்த்து, எப்படிக்கா இது என்று கேட்பார்கள். அவர் மனசு எனக்குத் தெரியும் என்று நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். வீட்டில் நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான். உப்பு கூடிவிட்டது என்பார். நாக்கு கெட்டுவிட்டது என்பேன். ஆனால் மரத்தடிக்குப் போய்விட்டால் எங்களுக்குள் ஒரு சண்டையும் இருக்காது. எனக்கு அதில் கொஞ்சம் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் தோட்டம் ரொம்ப அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் பத்து மணி வெயில் ஏறியதும் சில்வண்டுகள் காதைத் துளைக்கும். அந்தச் சத்தமே இல்லை. ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறும்போது அவரிடம் சொன்னேன்: சில்வண்டுகூடச் செத்துப்போச்சுங்க, என்ன விஷத்தைத்தான் அடிக்கிறானுங்களோ, நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று. மருந்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பழைய தோட்டத்தில் ஆறு வருஷம் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு நானே மருந்து அடித்திருக்கிறேன். தவுக்கேயைக் கேட்கப்போகிறேன் என்றுகூடக் குதித்தேன். அவர் ரொட்டியைப் பிட்டவர் அப்படியே என் முகத்தைப் பார்த்தார். பிறகு மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

அதற்கு மூன்றாவது வாரம் குலை விழுந்தது. நான் மட்டையை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது முதலில் தெரிந்தது, பிறகுதான் சத்தம். என் இடது முழங்கையை முள் கிழித்துக்கொண்டு போயிருந்தது. குலை கிடந்த இடத்துக்கும் என் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழம் ஏற்ற வந்த லாரிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், தவுக்கேயும் நின்றார். எனக்கு உயிர் திரும்பி வந்ததும் வாயும் வந்துவிட்டது. கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள், என்னைக் கொன்றுபோட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்க்கிறீர்களா என்று அத்தனை பேர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டேன். அவர் கம்பைக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் தப்புதான்" என்றார்.

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. சைக்கிளைத் தொலைத்தபோதும் என்னால்தான் தொலைந்தது என்று சாதித்தவர். அவர் வாயில் "என் தப்புதான்" என்று வந்துவிட்டது. குலையைவிட அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய அண்ணன் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு நேரத்தில் முந்நூறு பேரின் பெயரை ஏட்டைப் பார்க்காமல் சொல்லுவார். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சண்டை போடுவதை விட்டார். எதைச் சொன்னாலும் சரி, சரி என்றார். பிறகு பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் பகாவ் பஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தெரியாமல். நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தபோது எங்களைப் பார்த்துப் புதியவர்களைப் பார்ப்பதுபோல் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

குலை விழுந்த மறுநாளிலிருந்து என் கணவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார். அரிவாளைக் காம்பில் மாட்டிவிட்டு இழுக்காமல் நிற்பார். திரும்பி என்னைத் தேடுவார். "இந்தா புள்ள" என்று திடீரென்று கத்திக் கூப்பிடுவார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இருபத்தாறு வருஷம் கூப்பிடாத மனிதர் ஒரு மரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? இரண்டு நாளில் முடியும் வேலை மூன்று நாளானது. எங்களுக்குள் இருந்த அந்த ஓட்டம் போய்விட்டது. நான் வெளியே வரும்போது அவர் நிற்கிறார். நான் உள்ளே போகும்போது அவர் கூப்பிடுகிறார். அவர் மனசு எனக்குத் தெரியும் என்று பெருமையடித்தவளுக்கு அவர் மனசு துளிகூடத் தெரியவில்லை.

சோதிக்க ஆரம்பித்தேன். இன்று என்ன கிழமை என்பேன். நேற்று ராத்திரி என்ன கறி என்பேன். நம் கல்யாணத்தில் மழை பெய்ததா என்பேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அந்தப் பொறுமையே எனக்கு ஒரு அடையாளமாகத் தெரிந்தது. ஒரு புதன்கிழமையைச் செவ்வாய் என்று சொல்லிவிட்டார். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாபகசக்திக்கு நல்லது என்று பாசாரில் வல்லாரைக் கீரையைக் கட்டுக் கட்டாக வாங்கித் துவையல், சம்பல், சொதி என்று மூன்று வேளையும் போட்டேன். அவருக்கு வல்லாரையைக் கண்டாலே ஆகாது. மாடா நான், என்று தட்டைத் தள்ளிவிடுவார் என்று காத்திருந்தேன். தள்ளட்டும், கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் விடுமுறைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மனித மனத்தைப் பற்றிப் படிக்கிறாள், கடைசி வருஷம். என்ன வேலை கிடைக்கும் அதைப் படித்தால் என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அன்று வல்லாரையை ஆய்ந்துகொண்டே அவளைப் பேசவிட்டேன். அவள் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது, ஒன்றாக வேலை செய்யும்போது, பாடும்போது, அவர்களுடைய மூளையில் ஓடும் அலைகள் ஒன்றுபோல ஏறி ஒன்றுபோல இறங்குமாம். தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டி அதைப் பார்க்கிறார்களாம். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நன்றாகப் புரியப் புரிய, அந்த இரண்டு அலைகளும் நெருங்கிப் போகுமாம்.

கீரை ஆய்ந்த என் கை நின்றுவிட்டது. இது எங்களைப் பற்றித்தானே? இருபத்தாறு வருஷம் மரத்தடியில் நடந்தது இதுதானே? அப்படியென்றால் இப்போது அறுந்துபோனதும் இதுதான். ஒருவருடைய அலை கெட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டு மாதம் அடக்கி வைத்திருந்ததை அவளிடம் கொட்டினேன். அப்பாவுக்கு உன் பெரியப்பாவுக்கு வந்தது வந்துவிட்டது, என்றாவது ஒருநாள் நான் அடியில் நிற்பதே மறந்துபோய் இழுத்துவிடுவார், நான் செத்தாலும் பரவாயில்லை, அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆவார் என்று அழுதேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று சமாதானமும் சொல்லவில்லை. ஒரு விஷயம் சொன்னாள்.

"மா, ரெண்டு மூளை சும்மா சேராதுலா. நடுவுல ஒயரா இருக்கு? கண்ணு, காது, தொடறது, மூச்சு, ஏதாவது ஒண்ணு வழியாத்தான் போவணும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பாதை இருந்துச்சு?"

பாதையாவது ஒன்றாவது, மனசுதான் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாளே தவிர நம்பவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். கூட்டாக வேலை செய்கிறவர்களைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நாங்கள் வெட்டுவதைக் கைப்பேசியில் படம் பிடிப்பாள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று நாங்கள் இருவரும் பார்ப்போம். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுவோம். அவருக்குத் தெரியாமல் அவரை வேவு பார்க்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் அன்று ராத்திரி எட்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினேன்.

மறுநாள் காலை மகள் அவருடைய பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் நின்று படம் பிடித்தாள். நான் வேண்டுமென்றே அவரைப் பார்க்காமல் என் வேலையைச் செய்தேன். அன்றும் அதே கதைதான். நிறுத்தினார், தேடினார், கூப்பிட்டார். மகள் எதிரில் நிற்கிறாளே என்று பார்க்காமல் நானும் இரண்டு தடவை எரிந்து விழுந்தேன். பதினைந்து மரம் ஆனதும் அவர் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் இருவரும் அடுக்கிய மட்டைமேல் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தோம்.

கொஞ்சம் ஓடியதுமே மகள் சலித்துக்கொண்டாள்.

"ஐயோ, இந்தச் சில்வண்டு சத்தத்துல அப்பா சொல்றது ஒண்ணுமே கேக்கலலா."

எந்தச் சில்வண்டு என்றேன். அதுதான் செத்துப்போய் ஒரு வருஷமாகிறதே என்றேன். அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலைக்கு மேலே மரத்தைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அவள் கண் என் காதுப் பக்கம் போனது.

"இப்ப கத்துதுமா. காது கிழியுது."

நான் தலையைத் தூக்கிக் கேட்டேன். தூரத்துச் சாலையில் லாரி போவது கேட்டது. மகளின் குரல் கேட்டது. மட்டை காற்றில் ஆடுவதுகூட லேசாகக் கேட்டது. வேறு ஒன்றுமே இல்லை.

அவள் படத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினாள். சத்தத்தை முழுதாகக் கூட்டி என் காதோடு வைத்தாள். பாரும்மா, அப்பா இழுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு 'ஸ்ஸ்'னு மூச்சை இழுக்கறாரு, சில்வண்டு சத்தத்துக்கு நடுவுலயும் கேக்குது என்றாள். படத்தில் அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. கழுத்து நரம்பு எழும்புவது தெரிந்தது. எனக்கு 'ஸ்ஸ்' கேட்கவில்லை. இன்னொரு காதில் வைத்தாள். அதிலும் கேட்கவில்லை. அவர் மூச்சை இழுத்துவிட்டு அப்படியே நிற்கிறார். படத்தில் நான் முதுகைக் காட்டியபடி மட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து வெளியே வரவே இல்லை. அவர் காத்திருக்கிறார், எட்டிப் பார்க்கிறார், பிறகுதான் "இந்தா புள்ள" என்கிறார். நான் திரும்பி முகத்தைச் சுளித்து ஏதோ திட்டிவிட்டு வெளியே வருகிறேன். நான் தள்ளி வந்ததும் இழுக்கிறார். பதினைந்து மரத்திலும் இதுதான். தடுமாறியது யார் என்று படம் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

மனசு என்று நான் பெருமையடித்துக்கொண்டது அந்த 'ஸ்ஸ்'தான். இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன், கேட்டது தெரியாமலே. என் காலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அது நின்றபோதும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. குக்கர் விசில் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் புதுக் குக்கர் வாங்கினேனே, பழையது கெடவே இல்லை. கைப்பேசி அடிக்கவே இல்லை என்று தங்கச்சியோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தேனே, அது அடித்துத்தான் இருக்கிறது. சில்வண்டுக்காகத் தவுக்கேயின் மேல் பாயப் போனேனே. இதெல்லாம் போகட்டும். ஊரறிய நிற்கவைத்து ஒருவரைக் கிழித்தேனே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தள்ளுவண்டி திரும்பி வந்தது. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எது என்று சொல்லவில்லை.

அவரும் எது என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சில்வண்டு செத்துப்போச்சுன்னு சொன்ன பாரு, அன்னைக்குச் சந்தேகப்பட்டேன். அப்ப தலைக்கு மேல கத்திக்கிட்டு கெடந்துச்சு. அப்பறம் குலை விழுந்துச்சு. அதோட தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல? என் தப்புதான்னு எதுக்குச் சொன்னீங்க?"

"சொன்னா பயந்துக்குவ. பயந்த ஆளு அடியில நிக்கக்கூடாது. கால் மரத்துப் போயிடும்."

மகள் கைப்பேசியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் அவரைக் கிழமை கேட்டதையும் கறி கேட்டதையும் பற்றிக் கேட்டேன். என் தலையைச் சோதிக்கிறாய் என்று முதல் நாளே தெரியும் என்றார். சோதித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் இவள் தன் காதை நினைக்கமாட்டாள், போகட்டும் என்று விட்டாராம். அந்தப் புதன்கிழமை மட்டும் நிஜமாகவே தப்பாகச் சொல்லிவிட்டாராம். வல்லாரையையாவது நிறுத்து, வாயெல்லாம் பச்சையாகிவிட்டது என்றார். நான் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காதுக்குள் கருவி வைத்துச் சோதித்தார்கள். மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். மனிதர்கள் பேசுவது கேட்டுக்கொண்டே இருப்பதால், போனது ரொம்ப நாள் தெரியாதாம். மருந்தடிக்கும் இயந்திரத்தைக் காதுக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் வைத்திருந்ததைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். காதுக்குக் கருவி கிடைக்க நாலு மாதம் ஆகும் என்று நர்ஸ் மிஸ்ஸி ஒரு அட்டையைக் கொடுத்தார். போன சத்தம் அப்படியே திரும்பி வராது என்றும் சொன்னார்.

அடுத்த சுற்றுக்கு மூன்று நாள் இருந்தது. அம்மா இனிமேல் மரத்தடிக்குப் போகக்கூடாது என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. அவர் சொன்னது சரிதான். தெரியாமல் எட்டு மாதம் அடியில் நின்றவள், தெரிந்த பிறகு வாசலில் தென்னை மட்டை விழுந்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன். போகாமல் இருந்துவிடலாம். அவர் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். ஆனால் அந்த ஆள் அந்த 'ஸ்ஸ்' கேட்டு வெளியே வர எத்தனை வருஷம் ஆகும்? அவர் யாரைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்? இதை நினைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் அவர் மோட்டாரை எடுத்தபோது நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் மரத்தடியில் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு புது விதி சொன்னார். மட்டையை இழுத்துப் போட்டதும் நான் வெளியே வர வேண்டும். வந்து அவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் இழுப்பார். சின்னப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னார். வேறு நாளாக இருந்தால் இதற்கே சண்டை போட்டிருப்பேன்.

மட்டை விழுந்தது. உள்ளே போனேன். மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, திரும்பி, அவரைப் பார்த்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த நேரத்து அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அப்போதெல்லாம் என் முதுகுதான் அவர் பக்கம் இருக்கும். அரிவாள் மேலே காம்பில் மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது. பகாவ் பஸ் நிலையத்தில் அவர் அண்ணனிடம் பார்த்த முகத்தை இவரிடம் எட்டு மாதம் தேடினேன். அது இது இல்லை. இது எல்லாம் தெரிந்த மனிதரின் முகம். அவ்வளவு பயம் அதில் இருந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு மரத்தடியிலும் இந்த முகத்தோடுதான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் திரும்பித் திட்டியதெல்லாம் இந்த முகத்தைத்தான், பார்க்காமலே.

கையைத் தூக்கினேன். அவர் பல்லைக் கடித்தார், 'ஸ்ஸ்' வந்திருக்கும். நான் தூக்கிய கையோடு அப்படியே நின்றேன். அவர் இழுத்தார்.